தங்கை கையெழுத்து செல்லாது

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னதோடு சரி, அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. நீங்களும் "ம்", "சரி", "ம்" என்று நிறுத்திக்கொண்டீர்கள். அண்ணன் பக்கத்தில் நிற்கிறார் என்று புரிந்துகொண்டேன். இனி அந்தப் போனில் பேசிப் பயனில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்கே எழுதுகிறேன். நர்ஸுக்கு வரும் கடிதத்தை வார்டில் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

அறை கிடைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்தான் தெரியும். காற்று மட்டும் எப்படியோ வளைந்து நெளிந்து வந்துவிடுகிறது. பெட்டியைத் திறந்தபோது நீங்கள் வைத்த பை கண்ணில் பட்டது. ஊசி, நூல், தலைவலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் எப்போது எத்தனை என்று சீட்டு. முப்பத்தாறு வயதுக்காரியை வார்டு நோயாளி மாதிரி அனுப்பி வைத்திருக்கிறீர்கள். சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

ஆபீஸில் என்னைத் தவிர எல்லாரும் சின்னப் பிள்ளைகள். முதல் நாள் ஒரு பெண் என்னிடம் வந்து, சம்பளப் பட்டியல் நீங்கள்தான் போடுவீர்களா என்று கேட்டாள். நானும் உன்னைப் போலப் பயிற்சிக்கு வந்தவள்தான் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். இப்போது எல்லாருக்கும் நான் அக்கா.

அன்றைக்கு அண்ணனிடம் சொல்ல முடியாமல் போன விஷயத்தை உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன். பழைய ஆபீஸ் ஆடிட்டர் சார் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பதினொரு வருடம் வரிக் கணக்கு, சம்பளக் கணக்கு, வங்கிக் கணக்கு என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். எல்லாம் தெரிந்தவள் என்று பெயர். ஆனால் வருடா வருடம் ஏறிய சம்பளம் பஸ் கட்டணம் ஏறியதோடு சரிக்குச் சரி போய்விட்டது. போன வருடம் ஒரு பையன் வேறு ஊர் வேலைக்குப் போகும் முன் சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தான். கணக்கில் ஒரே ஒரு கிளையைப் படித்தவன். அவனுடைய முதல் மாதச் சம்பளமே என் அப்போதைய சம்பளத்துக்குச் சமம். அவன் மேல் பொறாமை வரவில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவளைவிட, ஒன்றை அடிவரை தெரிந்தவனைத்தான் தேடி வருகிறார்கள் என்று அன்று புரிந்தது.

நான் எடுத்திருக்கும் கிளை, கணக்கில் மோசடி நடந்ததா இல்லையா என்று துருவிப் பார்ப்பது. கோர்ட்டு வரைக்கும் போகும் வேலை. முதல் ஆறு மாதம் பழைய சம்பளத்தைவிடக் குறைவு. அண்ணனுக்கு அதுதான் பெரிய கோபம் என்று நினைத்தேன். அதில்லை. "பதினோரு வருஷம் சோறு போட்ட இடத்தை, கணக்கு முடிக்கிற மாசத்துல விட்டுட்டுப் போறியே. உனக்கு நன்றின்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாரே, அதுதான் கோபம். என் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அவர் வாங்கிக் கொடுத்த வேலை. அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காலையில் அம்மாவைக் குளிப்பாட்டும் வேலையும் இப்போது உங்கள் தலையில். முழங்காலைப் பிடித்துவிடும்போது இடது பக்கம் மெதுவாக. சொல்ல வேண்டியதே இல்லை, நீங்கள் நர்ஸ். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள்
பாப்பா


மார்ச் 27

பாப்பாவுக்கு,

உன் கடிதம் மூன்று பேர் கை மாறி, நான்காவதாக என்னிடம் வந்தது. எங்கள் வார்டில் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டார்கள், ஆனால் யாரிடமிருந்து என்று கேட்காமல் கொடுக்கவும் மாட்டார்கள். நாத்தனார் என்றேன். நம்பவில்லை. எந்த நாத்தனார் அண்ணிக்கு இத்தனை பக்கம் எழுதுவாள் என்கிறார்கள்.

இதை டீ இடைவேளையில் எழுதுகிறேன். நடுவில் மணி அடித்தால் ஓடிவிடுவேன், கையெழுத்து மாறினால் அதுதான் காரணம்.

நீ போனதிலிருந்து உன் அண்ணன் வீட்டில் உன் பெயரை எடுப்பதில்லை. பெயர்தான் எடுப்பதில்லை. அந்த ஊரில் மழையாம், அந்த ஊரில் பஸ் ஓடவில்லையாம் என்று பேப்பரைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கிறார். நானும் அம்மாவும் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். அம்மா நீ சனிக்கிழமை வந்துவிடுவாய் என்கிறாள். எந்தச் சனி என்று நானும் சொல்வதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் முடிவு எனக்கும் முழுக்கப் புரியவில்லை. இந்த வயதில் குறைந்த சம்பளத்துக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு உட்காருவது என்ன கணக்கோ. ஆனால் புரிந்தால்தான் வழி விட வேண்டும் என்று சட்டமா? நீ கேட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். நோயாளி இனிமேல் இந்தப் படுக்கையில் படுக்க மாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த முகம்.

நான் மதிய ஷிஃப்டுக்கு மாறிவிட்டேன். அதனால் அம்மாவின் காலை வேலை ஒரு பாரமில்லை. இதற்கு நன்றி கின்றி என்று எழுதிப் பக்கத்தை வீணாக்காதே. சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதே.

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக நல்லா இருக்கேன் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அப்படி எழுத முடியாது.

எங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொன்னேனா? ஆபீஸில் அவருக்கு 'எங்கே மேடம்' என்று பெயர். எந்த வரியைக் காட்டினாலும் "எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார். இந்தத் தகவல் எங்கே இருக்கிறது, ஆதாரம் எங்கே, அதை யார் பார்த்தது. குரல் ஏறாது. அதனால்தான் பயமே.

ஒரு கல்வி அறக்கட்டளையின் கணக்கை முதல்முறையாக என்னிடம் தனியாக ஒப்படைத்தார்கள். காசாளர் ஒருவர் மேல் சந்தேகம். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பணம் குறைகிறது, காசாளர் பொறுப்பில் இருந்த நாட்களில்தான் குறைகிறது. காசாளர் பணத்தை எடுத்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் எல்லார் முன்னாலும் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பணம் இல்லைன்னு பார்த்திருக்கீங்க. சரி. இவர் எடுத்தார்னு எங்கே இருக்கு?"

பணம் குறைவது வேறு, ஒருவர் எடுத்தது வேறு. பதினொரு வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டதிலேயே தெரிந்தது. அறிக்கை திரும்பி வந்துவிட்டது. அந்தக் காசாளர் கதை வேறாக முடிந்தது. விடுமுறை நாளில் இன்னொருவரிடம் சாவி இருந்திருக்கிறது. நான் எழுதியது அப்படியே வெளியே போயிருந்தால் ஒரு மனிதரின் வேலை போயிருக்கும்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி, ஆடிட்டர் சார் ஆபீஸில் என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சும்மா இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பாப்பா


ஜூன் 30

பாப்பாவுக்கு,

பொய் சொல்லி உன்னை அங்கே நிறுத்தி வைக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உன் இடத்துக்கு இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்களாம், ஒருத்தர் போய்விட்டார், ஒரு பெண் மட்டும் இருக்கிறாள். போன வாரம் ஆடிட்டர் சாரை மருந்துக் கடையில் பார்த்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உன் மேசை டிராயரில் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று நீ தாள் தாளாக எழுதி ஒட்டி வைத்துவிட்டுப் போனது அந்தப் புதுப் பெண்ணுக்கு உயிர் மூச்சாம். நீ வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

ஆக, வரலாம். வர வேண்டும் என்று தோன்றினால் வா. ஆனால் அழுதுவிட்டோம் என்பதற்காக வராதே. வார்டுக்கு வந்த முதல் வருடம் நான் ஆஸ்பத்திரியில் அழாத மூலை கிடையாது. மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு இடம் இருந்தது, எனக்கு முன்னால் யாரோ அழுது அழுது சுவரே வழுவழுப்பாகியிருந்தது. உன்னை எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு. கேட்ட கேள்வி தப்பில்லை. அது உனக்கே தெரிந்ததால்தான் இத்தனை அழுகை.

இன்னொன்று. நீ விட்டுப்போன ஸ்கூட்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் அண்ணன் வெளியே எடுத்து, துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிறார். எதற்கு என்று கேட்டேன். சும்மா நின்றால் பேட்டரி போய்விடுமாம். விற்றுவிடலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அண்ணி


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நல்ல சேதி, அதனால் சின்னக் கடிதம். தேர்வில் முதல் பாகம் தேறிவிட்டேன். பயிற்சிக் காலம் முடிந்து வேலையை உறுதி செய்துவிட்டார்கள். சம்பளம் பழைய இடத்தில் வாங்கியதற்கு வந்து நிற்கிறது. அடுத்த படி எதில் என்று கேட்டார்கள். கிடங்குச் சரக்குக் கணக்கு என்றேன். புத்தகத்தில் இருக்கும் சரக்கும் அலமாரியில் இருக்கும் சரக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது எனக்குக் காலேஜ் காலத்திலிருந்தே பழக்கமான பேச்சு. அண்ணன் மருந்துக் கிடங்கிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் வேறு என்ன பேசுவார்?

'எங்கே மேடம்' இப்போது என் அறிக்கையைப் படிக்கும்போது விரலை வைப்பதில்லை, பேனாவைத்தான் வைக்கிறார். இது பதவி உயர்வு என்று சின்னப் பெண் சொல்கிறாள்.

ஜூனில் நீங்கள் "வா" என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். அழுத்தாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. பக்கம் வீணானால் ஆகட்டும்.

பாப்பா


அக்டோபர் 12

பாப்பாவுக்கு,

இதை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதவில்லை. லீவு போட்டிருக்கிறேன்.

உன் அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக் கிடங்கில் சரக்குக் கணக்கு எடுத்ததில் நிறைய பெட்டிகள் குறைகிறதாம். கம்ப்யூட்டர் இருக்கிறது என்கிறது, அலமாரியில் இல்லை. பத்தொன்பது வருடமாகச் சாவி இவரிடம்தான். விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். கேட்ட விதத்திலேயே முடிவு எடுத்துவிட்டது தெரிந்ததாம்.

இது நடந்து பத்து நாளாகிறது. எனக்கு நேற்றுத்தான் தெரியும். தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வார்டு ஆயா அவரை நூலகத்தில் பார்த்திருக்கிறாள். உங்க வீட்டுக்காரர் படிக்கிற ஆளா என்று என்னிடம் கேட்டாள். போய்ப் பார்த்தேன். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நீ படித்தது இதற்குத்தானே. வா. வந்து அந்தக் கணக்கைப் பார். இவர் எடுக்கவில்லை என்று எழுதி உன் கையெழுத்தைப் போட்டுக் கொடு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அண்ணி


அக்டோபர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பஸ் நிலையத்துக்குப் போகத்தான் எழுந்தேன். பையை எடுத்து வைத்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி, என்னால் அந்தக் கணக்கைத் தொட முடியாது. தங்கை கையெழுத்து செல்லாது. செல்லாமல் போனால்கூடப் பரவாயில்லை. அது அண்ணனுக்கு எதிராகத் திரும்பிவிடும். தப்பு இல்லையென்றால் வெளி ஆள் பார்த்தால் போதுமே, வீட்டு ஆள் எதற்கு என்று கேட்பார்கள். இந்த ஆபீஸில் சேர்ந்த பிறகு கண்ணால் பார்த்தது இது. நண்பருக்காக ஒருவர் மிகச் சரியான அறிக்கை எழுதிக் கொடுத்தார். எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று. அதற்கு மேல் அந்த அறிக்கையை யாரும் திறக்கவே இல்லை. மேடத்திடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "தொடாதீங்க" என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

செய்ய வேண்டியது இதுதான். கம்பெனியே வெளியிலிருந்து ஒரு ஆடிட்டரை நியமித்துப் பார்க்கட்டும் என்று அண்ணன் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆடிட்டர் சாரிடம் போங்கள், அவருக்கு மருந்து வியாபாரக் கணக்கு நன்றாகத் தெரியும். அண்ணனுக்கும் அவருக்கும் உறவும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. நான் அவருக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் தங்கை கையெழுத்துதான்.

இப்படி எழுத என் கை கூசுகிறது. ஆனால் நான் வந்து நின்றால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், அண்ணனுக்கு உதவியாக இருக்காது.

பாப்பா


அக்டோபர் 24

பாப்பாவுக்கு,

நான் எழுதியது வீட்டுக் கடிதம். நீ பதில் போட்டது ஆபீஸ் கடிதம்.

ஆடிட்டர் சாரிடம் போகிறேன். வேறு வழி இல்லாததால் போகிறேன்.

அண்ணி


நவம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். நீங்கள் போனை எடுக்கவில்லை என்பதால் திரும்பவும் அடிக்கவில்லை.

இங்கே தினமும் யாரோ ஒருவருடைய கிடங்குக் கணக்கைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு அண்ணன் இருக்கிறார். சாவி வைத்திருந்தவர், பொறுப்பாளர், காசாளர். அவர்கள் வீட்டில் யாராவது ஒருத்தி, வா, வந்து பார் என்று யாருக்காவது எழுதிக்கொண்டிருப்பாள் என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கப் பார்ப்பேன். இப்போது எதிரில் இருப்பவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறேன். சின்னப் பெண் என்னைப் பார்த்து, அக்கா இந்தக் கேஸுக்கு ஏன் இவ்வளவு நாள் என்கிறாள்.

கோபத்தோடாவது ஒரு வரி எழுதுங்கள். அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன் சாப்பிடுகிறாரா?

பாப்பா


டிசம்பர் 6

பாப்பாவுக்கு,

உட்கார். உட்கார்ந்துகொண்டு படி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாக எழுதலாம்.

ஆடிட்டர் சார் ஆபீஸுக்கு நான் போனபோது அவர் என்னை அரை மணி நேரம் பேச விட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு, தான் தயார், ஆனால் தன்னைக் கூப்பிட வேண்டியது கம்பெனிதான், நீங்கள் கூப்பிட்டு நான் வந்தால் மதிப்பில்லை என்றார். நீ எழுதியதையே அவரும் சொன்னார். எனக்கு அங்கேயே முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் மனு எழுதச் சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து எழுதிவிட்டார்.

முதலாளி ஒத்துக்கொண்டு ஆடிட்டர் சாரைக் கூப்பிட்டார். பத்தொன்பது வருடத்துக்கு அந்த மரியாதையாவது மிச்சமிருந்தது. ஆடிட்டர் சாரும் அந்தப் புதுப் பெண்ணும் கிடங்கில் இரண்டு வாரம் உட்கார்ந்தார்கள். விஷயம் இதுதான். மருந்து காலாவதி ஆனால் பெட்டியோடு தயாரித்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இந்த வருடம் புதுக் கம்ப்யூட்டர் முறை வந்ததும், திருப்பி அனுப்பியதைக் கழிக்கும் இடத்தில் யாரோ தவறாக அமைத்துவிட்டார்கள். உன் அண்ணன் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார், கம்ப்யூட்டர் அது இன்னும் உள்ளே இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. லாரி கம்பெனியிடமும் அந்த மருந்துக் கம்பெனிகளிடமும் ரசீதுகளைக் கேட்டு வாங்கி ஒத்துப் பார்த்தார்கள். ஒரு பெட்டி விடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனிமேல் சொல்வதுதான் உனக்கு. அறிக்கையைக் கொடுத்த அன்று உன் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். படித்து முடித்ததும் மேனேஜர் நேராக ஆடிட்டர் சாரைப் பார்த்து, இவர் தங்கை உங்களிடம்தானே வேலை பார்க்கிறாள் என்று கேட்டாராம். ஆடிட்டர் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாராம்.

"பார்த்தாங்க. இப்ப இல்ல. கணக்கு முடிக்கிற மாசத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு அவங்க என் ஆபீஸ்ல இருந்திருந்தா, நான் இந்த வேலையை ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன்."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாராம். உன் அண்ணன் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். அவர் சொன்ன விதம் எப்படி என்றால், ஒரு தடவை சொல்லிவிட்டு, கைகால் கழுவிவிட்டு வந்து திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். ஆடிட்டர் சார் கம்பெனிக்கு முறைப்படி பில் போட்டிருக்கிறார். பழக்கத்துக்காகச் சும்மா செய்தால் அதுவும் உறவுக் கணக்காகிவிடுமாம். எங்கள் வீட்டுப் பெண்ணை வளர்த்த ஆபீஸ் எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை உன் அண்ணன் வேலைக்குப் போனார். சட்டைக்கு இஸ்திரி நான்தான் போட்டேன்.

உன்னை ஆபீஸ் கடிதம் எழுதுகிறவள் என்றேன். அந்தக் கடிதத்தை எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஓடி வந்திருந்தால் உனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், இவருக்கு வேலை கிடைத்திருக்காது. எங்கள் வார்டிலும் வீட்டு ஆளுக்கு நாங்கள் ஊசி போட மாட்டோம், கை நடுங்கும் என்று இன்னொரு நர்ஸைக் கூப்பிடுவோம். இதைத் தெரிந்தவள்தான் நான். என் வீடு என்றதும் மறந்துவிட்டேன்.

நல்லா இரு பாப்பா. வேறென்ன சொல்ல.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று மதியம் நீங்கள் டியூட்டியில் இருந்த நேரம் இங்கே ஒன்று நடந்தது. அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொல்லும் முன்பு நான் முந்திக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஆபீஸ் சேதி. தேர்வில் இரண்டாம் பாகமும் தேறிவிட்டேன். கிடங்குக் கணக்குப் பிரிவில் இனி நான்தான் மூத்தவள், எனக்குக் கீழே இரண்டு பேர். அந்தச் சின்னப் பெண் ஒருத்தி. சம்பளம் ஏற்றியிருக்கிறார்கள். ஆடிட்டர் சார் ஆபீஸில் இன்னும் பத்து வருடம் இருந்தாலும் எட்ட முடியாத இடம் அது. தாளைக் கையில் கொடுத்தபோது மேடம், இது அனுபவத்துக்கு மட்டுமில்லை, நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நின்றதற்கு என்றார். நான் ஆடிட்டர் சாருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினேன். இப்போது எழுதலாம், எல்லாம் முடிந்துவிட்டது. அவரிடம் பதினொரு வருடம் எல்லாவற்றையும் பார்த்திருக்காவிட்டால் இந்த ஒன்றை அடிவரை பார்க்க எனக்குக் கண் வந்திருக்காது. சம்பளம்தான் ஏறவில்லை, நான் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அதை எழுதினேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், பக்கம் வீணாகிறது என்று திட்டினாலும் சரி. ஒரு வருடமாக நான் படித்த ஒவ்வொரு பாடமும் நீங்கள் அம்மாவை எழுப்பிக் குளிப்பாட்டிய நேரத்தில் படித்தது. விடிகாலையில் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம், இப்போது அண்ணி வெந்நீர் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். புரியாமலே வழி விட்டீர்கள். அம்மாவை இந்தக் கோடையில் இங்கே அழைத்து வரப் போகிறேன், லிஃப்ட் உள்ள வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மூன்று மாதம் காலையில் தூங்க வேண்டும். இது வேண்டுகோள் இல்லை.

இப்போது நேற்றைய விஷயம். போன் அடித்தது. அண்ணன் எண். அந்த எண்ணிலிருந்து என்னிடம் கடைசியாகப் பேசியது நீங்கள்தான், அதனால் "சொல்லுங்க அண்ணி" என்றுதான் எடுத்தேன். மறுமுனையில் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. கிடங்கிலிருந்து பேசுகிறார் என்று புரிந்தது.

"நான்தான்" என்றார்.

எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றேன். சின்னப் பெண் பயந்துபோய் அவளும் எழுந்தாள்.

அண்ணன் நேராக விஷயத்துக்கு வரவில்லை. புதுக் கம்ப்யூட்டரைத் திருத்திவிட்டதாகச் சொன்னார். காலாவதி மருந்துக்குத் தனி அலமாரி போட்டிருப்பதாகச் சொன்னார். அந்த அலமாரியின் நீளம் அகலம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு, அந்த மூன்று பேர் தன்னை உட்கார வைத்துக் கேட்ட நாளைப் பற்றிச் சொன்னார். யாராவது ஒருவர், என்ன நடந்தது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் போதும் என்று இருந்ததாம். ஆடிட்டர் சார்தான் அப்படிக் கேட்டாராம். "நீயும் அங்க அந்த வேலையைத்தான் செய்யறியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அங்கேயே இரு. லீவுக்கு வந்தாப் போதும்" என்றார்.

அண்ணி, இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன் என்பது அதைக் கேட்கும் வரை எனக்குத் தெரியாது.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சம்பளம் ஏற்றினார்களா என்று கேட்டார். ஏற்றினார்கள் என்றேன். எவ்வளவு என்றார். பொய் சொல்லிக் குறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வேண்டாம் என்று, உள்ளபடியே சொன்னேன். அங்கே லாரிச் சத்தம் நின்றது.

"என்னோடதை விட ஜாஸ்தி."

"ஆமாண்ணே."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எங்க பாப்பா என்னை விட ஜாஸ்தி வாங்குறாப்பா."

போனைக் கையால் பொத்தக்கூட இல்லை, அண்ணி.

உங்கள்
பாப்பா